சீதாவும் உல்டாவும்

இமாசலத்திலிருந்து ஆப்பிள் ஏற்றி வந்து மதுரையில் இறக்கிவிட்டு அத்தான் வீடு திரும்பும் நாளில், மேலகரத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரிந்துவிடும். லாரியின் பின்கதவைத் திறந்ததும் உள்ளே சிதறிக் கிடக்கும் வைக்கோலிலிருந்து ஆப்பிள் வாசனை எழுந்து வரும். அக்கா வாசலுக்கு வந்து நிற்பாள். அந்த முறை அவர் அக்காவிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. வாரக்கணக்கில் மழிக்காத தாடியோடு நேராக மாடியேறி, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அறைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கம்பளித் துண்டு, பாதி பின்னியபடி தொங்கியது. "டீச்சரே, அந்தச் சின்னக் கால நீட்டு, பாப்போம்" என்றார்.

என்னிடம் அப்படிக் கேட்கக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் வலது கால் வளராமல் நின்றுவிட்டது. இடது பாதம் ஒரு பெண்ணின் பாதம், வலது பாதம் ஒரு சிறுமியின் பாதம். அதுவும் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பிய பாதம். வீட்டில் எல்லோருக்கும் என்மேல் பிரியம் உண்டு. ஆனால் அந்தக் காலைப் பற்றிப் பேச்சு வந்தால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அத்தான் மட்டும் அதை லாரியின் டயரைப் பார்ப்பதுபோல நேராகப் பார்ப்பார். எங்கே தேய்கிறது, எந்தப் பக்கம் பாரம் விழுகிறது என்று கேட்பார். அந்தக் கேள்விகளில் இரக்கம் இருக்காது. அதனாலேயே எனக்குப் பதில் சொல்ல முடிந்தது.

தேய்கிற இடம் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் ஓரம். உயரமான அடிப்பாகம் வைத்த தோல் பூட்ஸைத் திருநெல்வேலியில் ஒருவர் என் காலுக்கு அளவெடுத்துச் செய்து தருவார். பூட்ஸுக்கு அளவு உண்டு, சாக்ஸுக்குக் கிடையாது. பெரியவர்கள் சாக்ஸைப் போட்டால் முன்பக்கம் மிச்சம் விழுந்து மடிப்பு மடிப்பாகச் சுருண்டுகொள்ளும். பிள்ளைகள் சாக்ஸைப் போட்டால் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும். குதிகால் வரவேண்டிய இடத்தில் வராது. சாக்ஸே இல்லாமல் போட்டால் தோல் உரசும். எப்படிப் போட்டாலும் அந்த ஓரத்தில் புண் வரும், ஆறும், மறுபடி திறக்கும். நான் கணக்கு டீச்சர். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவள். உட்கார்ந்துகொண்டு கணக்குச் சொல்லித் தர எனக்கு வராது.

அந்தக் கம்பளித் துண்டின் கதையை அத்தான் என் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். மலை சரிந்து சாலை அடைபட்டுப் போயிருக்கிறது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். குளிர் என்றால் குற்றாலத்துச் சாரல்தான் என்று நினைத்திருந்த மனிதர், அங்கே ஒரு டீக்கடை அடுப்பை விட்டு நகராமல் நாட்களைக் கழித்திருக்கிறார். கடைக்கார அம்மா டீ கொதிக்கும் நேரத்திலும், சில்லறை தேடும் நேரத்திலும் கையில் கம்பியை விடாமல் சாக்ஸ் பின்னிக்கொண்டே இருந்திருக்கிறாள். கொடியில் சின்னதும் பெரியதுமாகச் சாக்ஸ் தொங்கியிருக்கிறது. டோல்கேட்டிலும் டீசல் பங்கிலும் பழகிய இந்தியை வைத்துக்கொண்டு, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் ஒரு ஜோடி வேண்டும் என்று அத்தான் கையால் அளந்து காட்டியிருக்கிறார். அவள் முதலில் சிரித்தாளாம். பிறகு விளங்கிக்கொண்டு, "பாதத்தைக் கொண்டு வா, பின்னித் தருகிறேன்" என்றாளாம்.

"பாதம் தென்காசியில இருக்கு. நான் எங்கன போயிக் கொண்டாருவேன்? அதான், நீயே சொல்லிக் குடு தாயின்னு உக்காந்துட்டேன்" என்றார் அத்தான்.

அவள் சொல்லிக் கொடுத்தது இரண்டே பின்னல். ஊசியை முன்னாலிருந்து விட்டு எடுப்பது சீதா. பின்னாலிருந்து விட்டு எடுப்பது உல்டா. சாக்ஸை வட்டமாகப் பின்னும் வித்தைக்கு வருவதற்குள் சாலை திறந்துவிட்டது. ஹாரன் அடிக்கிறார்கள் என்று இவர் கம்பியோடு ஓடிவந்து லாரியில் ஏறிவிட்டார். திரும்பி வரும் வழி முழுக்க, வண்டி நிற்கும் இடங்களிலெல்லாம், மறந்துவிடக் கூடாதே என்று அந்தப் பட்டையைப் பின்னிப் பின்னிப் பிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் வாய் ஓயவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் "சீதா, உல்டா, சீதா". அக்கா குழம்புக் கரண்டியோடு என்னிடம் வந்தாள். "ஏட்டி, யாருட்டி அந்தச் சீதா? வந்ததுலேருந்து அவ பேரத்தான் சொல்லுதாவ" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் விடைத்தாள்கள் கீழே சரிந்தன.

அப்படித்தான் நாங்கள் இருவரும் தொடங்கினோம். எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அவருக்கு என்னைவிட ஒரு வாரம் முன்னால் ஒன்றும் தெரியாமல் போயிருந்தது, அவ்வளவுதான். ஊசியில் கண்ணிகளை, அந்த நூல் வளையங்களை, ஏற்றவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. விரல்கள் விறைத்துக்கொண்டன. வேர்வைக் கையில் கம்பளி நகர மறுத்தது. ஒரு கண்ணி நழுவினால் அது ஏணி மாதிரி அடிவரை இறங்கிவிடும். முக்கோணத்தையும் வட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற எனக்கு, ஒரு சாண் அகலத்தில் ஓரம் நேராக வரவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் எங்கிருந்தோ கூடுதலாக ஒரு கண்ணி முளைத்துக்கொண்டது. பட்டை மேலே போகப் போக விசிறியாக விரிந்தது. அத்தானுக்கு வேறு சிக்கல். லோடு கட்டும் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுப் பழகிய கை. அவர் பின்னினால் கண்ணிக்குள் ஊசி நுழையாது.

வட்டமாகப் பின்னுவதைக் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துப் பிடித்துக்கொண்டோம். அதற்கு இரண்டு முனையும் கூரான குட்டை ஊசிகள் நான்கு வேண்டும். தென்காசிக் கடைகளில் பூ வேலைக்கான கொக்கி ஊசிதான் கிடைத்தது. அத்தான் சைக்கிள் கடையிலிருந்து ஸ்போக் கம்பிகளை வாங்கி வந்து, ஒரே அளவாக வெட்டி, முனைகளை அரத்தால் ராவிக் கொடுத்தார். மூன்று கம்பிகள் கண்ணிகளைத் தாங்கி முக்கோணமாக நிற்க, நான்காவது கம்பி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு சுற்றி வரவேண்டும். கையில் ஒரு முள்ளம்பன்றியைப் பிடித்திருப்பதுபோல இருந்தது. ஆனால் சுற்று சேர்ந்துவிட்டது. ஐப்பசி மழையில் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாளில், என் கையிலிருந்து நீளமாக ஒரு குழாய் இறங்கியது. முனையைச் சேர்த்துக் கட்டினேன். காணொளியில் குதிகால் பின்னிய வேகம் எங்கள் இருவருக்கும் பிடிபடாததால் குதிகால் இல்லாமலே விட்டேன்.

அந்தக் குழாயை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். நானே பின்னியது என்று சக ஆசிரியைகளிடம் காட்டினேன். மூன்றாம் பீரியட்டுக்குள் கணுக்காலின் முன்பக்கம் கம்பளி சுருண்டு, குழாய் மெல்லத் திரும்பி, அந்த ஓரத்துக்கே போய் மடிந்து உட்கார்ந்துகொண்டது. கழற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியும் பெருமைக்காக மாலை வரை கழற்றவில்லை. வீட்டில் பூட்ஸைக் கழற்றியபோது பழுப்புக் கம்பளியில் ரத்தம்.

திருநெல்வேலி டாக்டர் இந்த முறை நெடுநேரம் பார்த்தார். "இனிமே இது திறக்கக் கூடாதும்மா. எலும்பத் தொட்டுட்டா விரல எடுக்க வேண்டி வரும். அதோட நிக்குமான்னும் சொல்ல முடியாது" என்றார். பள்ளியில் தலைமை ஆசிரியை என்னை உட்காரவைத்து அன்பாகத்தான் பேசினார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அலுவலக அறையில் ஓர் இடம் இருக்கிறது, வகுப்புகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நான் வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். ஆறாம் வகுப்பில் யாரோ வாய்விட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டபடி அழுதேன். வீட்டுக்கு வந்து ஸ்போக் கம்பிகளைக் கட்டி, சமையலறைப் பரண்மேல் எறிந்துவிட்டேன்.

நான் நிறுத்தினேன். அத்தான் நிறுத்தவில்லை. அப்போது அவர் பக்கத்து நடையாகக் கேரளாவுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தார். புளியறை செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் கையில் கம்பி இருக்கும். "என்ன அண்ணாச்சி, பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டரா?" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்களாம். "இல்லலே, லாரிக்கு" என்பாராம் இவர். ஒரு நாள் தான் பின்னியதை என் மேசைமேல் வைத்தார். அது எதன்மேலும் சாயாமல் தானாக நின்றது. அவ்வளவு இறுக்கம். அதற்கும் குதிகால் இல்லை. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குதிங்கால் மட்டும் தெரிஞ்சா போதும் டீச்சரே. மத்ததெல்லாம் நமக்கு வந்துட்டு" என்றார்.

"உங்களுக்கு வந்திருக்கும். எனக்கு விரலு போயிரும் அத்தான்" என்றேன். அவர் இறங்கிப் போனார்.

மாசி மாதம் பஞ்சாபுக்கு ஒரு லோடு கிடைத்தது. ஆப்பிள் காலம் இல்லை, அந்த மலைப்பக்கம் போகவேண்டிய வேலையும் இல்லை. லோடை இறக்கிவிட்டு, லாரியைக் கிளீனர் பொறுப்பில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து மலையேறி அந்த டீக்கடைக்குப் போயிருக்கிறார். டாக்டருக்குக் காட்ட எடுத்து வைத்திருந்த என் இரண்டு பாதங்களின் படத்தைக் கைப்பேசியில் காட்டியிருக்கிறார். அந்த அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இவரை இரண்டு நாள் அங்கேயே தங்கவைத்து, ஒரு ஜோடி பின்னிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் குதிகால் வித்தை மட்டும் இவருக்குப் பிடிபடவில்லை. கருநீலம், மேல்விளிம்பில் மஞ்சள் கோடு. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அவற்றை என் மடியில் வைத்தார். முன்பின் பார்த்திராத ஒரு பெண், படத்தை மட்டும் பார்த்துப் பின்னியிருந்தாள்.

போட்டுப் பார்த்தேன். பெரியது கச்சிதம். சிறியது படத்தைப் பார்த்து எடுத்த அளவுதானே, ஒரு விரல் அகலம் நீண்டிருந்தது. உள்பக்கமாகத் திரும்பியிருக்கும் அந்த வளைவு படத்தில் தெரிந்திருக்காது. பங்குனி வெயிலில் அந்தத் தடித்த கம்பளி நெருப்பாகவும் இருந்தது. ஆனால் அதில் குதிகால் இருந்தது. ஒரு கிண்ணம்போலக் குழிந்து, என் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, திரும்பவிடாமல் நின்றது. அந்தக் கிண்ணத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். பிறகு அத்தானைப் பார்த்தேன். அது எப்படிக் குழிந்தது என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சிருவோமா?" என்றார்.

அக்கா பதறிப்போனாள். "கிறுக்கு பிடிச்சிட்டா உங்க ரெண்டு பேருக்கும்? எந்தூரு பொம்பளையோ ஆசையா பின்னிக் குடுத்தத பிரிக்கப் போறியளா?" என்று சிறிய சாக்ஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்திக் கேட்டு வாங்குவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் அவளே கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, விரல் நுனி முடிச்சைத் தேடி வெட்டினாள். "பாத்துப் பிரிங்க. அறுத்துராதிய" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பின்னியது கடைசியாக முடிந்த இடத்திலிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். அத்தான் நூலை இழுத்து உருண்டையாகச் சுற்றினார். நான் ஒவ்வொரு கண்ணியும் எப்படிக் கழல்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். விரல் பகுதி போனது, பாதம் போனது. கிண்ணத்துக்கு அருகே வந்ததும் நிறுத்தச் சொன்னேன். வேகமாகப் பிரிந்துகொண்டிருந்த நூல் அங்கே தயங்கித் தயங்கி வந்தது. சுற்றிச் சுற்றி வந்த பின்னல் அங்கே சுற்றவே இல்லை. பாதிக் கண்ணிகள் சும்மா காத்திருந்தன. மறுபாதி மட்டும் போவதும் திரும்புவதுமாக ஒரு பட்டையாக இறங்கியிருந்தது. பட்டையின் அடியில் நடுவிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரத்துக் கண்ணி ஒன்றை உள்ளே இழுத்துக்கொண்டே போயிருக்கிறாள். அப்படி இழுத்ததில்தான் துணி குழிந்து கிண்ணமாகியிருக்கிறது. பிறகு பட்டையின் இரண்டு ஓரங்களிலும் புதுக் கண்ணிகளை அள்ளி, காத்திருந்தவற்றோடு சேர்த்து, மறுபடி சுற்றத் தொடங்கியிருக்கிறாள்.

"அத்தான், இது ரெண்டு பக்கமும் வளருத துணி இல்ல. நடுவுல நின்னுக்கிட்டு ஓரத்த உள்ள கூப்பிடுது!" என்று கத்தினேன். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, அவரும் கத்தினார். அக்காவும் எதற்கென்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்த மத்தியானம் நான் அடைந்த சந்தோஷத்தை, கணக்கில் பட்டம் வாங்கிய நாளில்கூட அடைந்ததில்லை.

பரண்மேல் கிடந்த கம்பிகளை அத்தான் ஏணி போட்டு இறக்கினார். அதே நூலில், அதே குதிகாலைத் திரும்பப் பின்னினேன். முதல் தடவை கிண்ணம் ஒரு பக்கம் கோணியது. பிரித்தேன். அடுத்த தடவை ஓரங்களில் ஓட்டை விழுந்தது. பிரித்தேன். பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து, அக்கா சாப்பிடக் கூப்பிடும்வரை பின்னினேன். குதிகால் சரியாக வந்த அன்று அதை வெறும் கிண்ணமாகவே குதிகாலில் பொருத்திக்கொண்டு, நொண்டி நொண்டி அடுப்படிக்கு ஓடி அக்காவிடம் காட்டினேன்.

கம்பளி நம் வெயிலுக்கு ஆகாது என்பது இரண்டாவது சிக்கல். அத்தான் சங்கரன்கோவிலில் தறி வைத்திருக்கும் தெரிந்தவர் வீட்டிலிருந்து பருத்தி நூல் கண்டுகள் வாங்கி வந்தார். அவற்றைச் சேர்த்து முறுக்கிப் பருமனாக்கினோம். பருத்திக்குக் கம்பளியைப்போல இழுபடும் குணம் இல்லை. அதனால் மேல்விளிம்பு முழுவதும் சீதாவும் உல்டாவும் மாற்றி மாற்றிப் போட்டு, அது காலைப் பிடித்து நிற்கும்படி செய்தேன். அக்கா என் பாதத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து கொடுத்தாள். அந்தப் பாதத்தை அவள் கையில் ஏந்தியது, நான் அறிய அதுதான் முதல் தடவை. உள்பக்கம் திரும்பும் வளைவுக்காக ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சில வரிசைகள் போட்டேன். எந்தக் கடையிலும், எந்தக் காணொளியிலும் இல்லாத ஒன்று அது. என் காலுக்கு மட்டுமானது. போட்டு, பூட்ஸை மாட்டி, மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன். சாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு மடிப்பு இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, ஒரு பருவம் மட்டும் எனக்கு அவகாசம் கொடுங்கள் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். கொடுத்தார். சாரல் முடிந்து, காலாண்டுத் தேர்வு முடிந்து, மறுபடியும் ஐப்பசி மழை வந்தது. புண் திறக்கவில்லை. திருநெல்வேலி டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டார். நான் பின்னியது என்றேன். இன்னொரு நோயாளிக்கு இதே மாதிரி பின்னித் தர முடியுமா என்றார். இப்போது எங்கள் மாடியில் விடுமுறை நாட்களில் சிலர் வருகிறார்கள். சுரண்டையிலிருந்து ஒரு டெய்லர் பெண், சிவகிரியிலிருந்து காலேஜில் படிக்கும் ஒருத்தி. வருகிறவர்கள் முதலில் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வார்கள். அத்தான் இருந்தால் அது நடக்காது. "நீட்டும்மா, எங்கன தேயுது?" என்று ஆரம்பித்துவிடுவார். கண் மங்கிப்போனதால் அவர் இப்போது வடக்கே லோடு அடிப்பதில்லை. கம்பி ராவிக் கொடுப்பது இன்னமும் அவர்தான்.

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றேன். குற்றாலத்திலிருந்து காட்டுக்குள் பாறையும் வேருமாக ஏறும் வழி. அன்றைக்குத்தான் வனத்துறையினர் மேலே விடுவார்கள். அருவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் நான் அதற்குமேல் ஏறியதே இல்லை. அக்கா வேண்டாம் என்றாள். அத்தான், "அவ ஏறுவா. நான்தான் ஏறுவேனான்னு தெரியல" என்று தொப்பையைத் தடவிக்கொண்டார்.

காலையிலேயே கிளம்பினோம். ஒரு கையில் ஊன்றுகோல். அவசரப்படாமல், ஒரு பாறைக்குப் பிறகு ஒரு பாறை. பால்குடம் எடுத்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். காடு குளிர்ந்திருந்தது. எங்கேயோ நீர் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பாதி வழியில் அத்தான் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் நடுவில் உட்கார்ந்தால் கால் விறைத்துக்கொள்ளும் என்பதால் ஏறிக்கொண்டே இருந்தேன். மரங்கள் விலகி வெளிச்சம் வந்தது. சித்திரை என்பதால் அருவியில் தண்ணீர் குறைவு. வெள்ளி நூல்போல ஒற்றையாக இறங்கிக்கொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றினேன். சுண்டுவிரல் ஓரத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். ஒரு சிவப்பு இல்லை. பழைய தழும்பு மட்டும் வெளுத்துக் கிடந்தது. இரண்டு பாதங்களையும் ஒன்றாக அந்தத் தண்ணீரில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே வளைவில் அக்காவின் பச்சைப் புடவை தெரிந்தது. அவளுக்குப் பின்னால், இடுப்பில் கை வைத்து, இரண்டடிக்கு ஒரு தரம் நின்று நின்று அத்தான். நான் எழுந்து விளிம்புக்கு வந்தேன்.

"அத்தான், மெதுவா வாங்க! அவசரம் இல்ல. நான் இங்கனதான் நிக்கேன்!" என்று கூவினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்ல மூச்சு இல்லை. பக்கத்தில் ஏறி வந்த யாரோ ஒருவரின் தோளைப் பிடித்து நிறுத்தி, விரலை நீட்டி என்னைக் காட்டினார். மூச்சு வந்ததும் காடே கேட்கிற மாதிரி சொன்னார்: "அந்தா மேல நிக்கா பாருங்க, எங்க வீட்டு டீச்சரு. நமக்கு முந்தியே ஏறிட்டா!"